என் லேப்டாப்ல வாலரன்ட் ஓடாது

மூணு வருஷமா ஹாஸ்டல் பசங்க என்கிட்ட கேக்குற ஒரே கேள்வி: “மச்சி, வாலரன்ட் வர்றியா?” மூணு வருஷமா நான் சொல்ற ஒரே பதில்: “என் லேப்டாப்ல ஓடாதுடா.” லேப்டாப் ரொம்பப் பழசு போலன்னு பாதிப் பேர் நினைச்சுக்கிட்டாங்க. பழசுதான், ஆனா காரணம் அது இல்ல. நான் லினக்ஸ்காரன். அதுலயும், லினக்ஸ்ல விண்டோஸ் கேம் விளையாடுற வகை. ஏன்டா இப்படி வாழறேன்னு கேக்குறவங்களுக்கு ஒரு தடவை மொத்தமா எழுதிடலாம்னுதான் இந்தக் கட்டுரை.

ஒரு முன்னெச்சரிக்கை. நான் எல்கேஜிலேருந்து இங்கிலீஷ் மீடியம். எங்க ‘ற’ எங்க ‘ர’ன்னு இன்னும் அம்மாகிட்ட கேட்டுத்தான் எழுதறேன். தப்பு இருந்தா எடிட்டர் டீமைத் திட்டுங்க.

எங்க வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல. முன்கட்டுல நாங்க, பின்கட்டுல பெரியப்பா குடும்பம். அப்பா காந்தி ரோட்டுல ஒரு பட்டுச்சேலைக் கடையில சேல்ஸ்மேன். பெரியப்பா நெசவு. வீட்டுக்குள்ளயே தறி, தரையில பள்ளம் வெட்டி அதுக்குள்ள காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்யற குழித்தறி. நீங்க ஃபேன் சத்தத்துல தூங்கினீங்கன்னா நான் தறி சத்தத்துல தூங்கினவன். கோர்வை சேலைன்னா உடம்பு ஒரு நிறம், பார்டர் வேற நிறம். ரெண்டையும் கோர்த்துக் கோர்த்து நெய்யணும், அதுக்குப் பக்கத்துல உட்கார்ந்து நாடா தள்ள இன்னொரு ஆள் வேணும். எங்க வீட்டுல அந்த ஆள் பெரியப்பா பையன். எனக்குப் பத்து வயசு மூத்தவர். ஸ்கூல் விட்டு வந்து பையைக் கழட்டினதும் தறியில போய் உட்கார்ந்துடுவாராம்.

அண்ணன் படிச்சது அரசு உதவி பெறும் பள்ளி. 2011 செப்டம்பர் 15-ம் தேதி தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினப்போ அவர் ப்ளஸ் டூ. அந்த முதல் பேட்ச் லேப்டாப் அவருக்குக் கிடைச்சுது. மேல முதலமைச்சர் படம், உள்ள 2 ஜிபி ரேம். எங்க தெருவுல அதுதான் முதல் லேப்டாப்னு பெரியம்மா இன்னும் சொல்லுவாங்க.

அந்த லேப்டாப்ல நிறையப் பேர் மறந்துபோன ஒரு விஷயம் இருந்துச்சு. ஆன் பண்ணினதும் ரெண்டு சாய்ஸ் கேக்கும். ஒண்ணு விண்டோஸ் 7 ஸ்டார்டர். இன்னொண்ணு பாஸ் லினக்ஸ். பாஸ்னா பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ், டெபியனை அடிப்படையா வெச்சு நம்ம மத்திய அரசோட சி-டாக் உருவாக்கினது. தமிழ்நாட்டுல லட்சக்கணக்கான பசங்க கையில லினக்ஸ் இருந்துச்சு, அதுல எத்தனை பேர் அந்த ரெண்டாவது வரியை அழுத்தினாங்கன்னு நினைச்சா சிரிப்பா வரும். அண்ணனும் அழுத்தல. 2016-ல அந்த லேப்டாப் என் கைக்கு வந்தப்போ யாரோ சொருகின பென் டிரைவ்லேருந்து வந்த வைரஸ்ல விண்டோஸ் செத்துப்போயிருந்துச்சு. அதனால அழுத்த வேண்டியதாயிடுச்சு.

நான் ஏழாவது. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு: ஜிடிஏ வைஸ் சிட்டி. டி டிரைவ்ல அந்த ஃபோல்டர் அப்படியே இருக்கு (எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க, அந்தக் காலத்துல எல்லார் வீட்டுக்கும் எங்கேருந்து வந்துச்சோ அங்கேருந்துதான்). பாஸ்ல அந்த டிரைவைத் திறக்கலாம், ஃபோல்டரைப் பார்க்கலாம், எக்ஸி ஃபைலைத் தொடலாம். ஓடாது. பிரியாணியைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்ச மாதிரி.

அந்த செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு. அண்ணன் புது சிம் வாங்கி, போனை கேபிள்ல லேப்டாப்போட இணைச்சு நெட் கொடுத்தார். ரெண்டு பேரும் தேடினதுல கிடைச்ச வார்த்தை ‘வைன்’. பெரியம்மா காதுல விழுந்து ஒரு சின்ன கலவரம் நடந்துச்சு, அது தனிக் கதை.

வைன் என்ன பண்ணுதுன்னு நிறையப் பேருக்குத் தப்பான ஐடியா இருக்கு. விண்டோஸையே லினக்ஸுக்குள்ள ஓட்டுதுன்னு நினைக்கறாங்க. இல்ல. ‘வைன் ஒரு எமுலேட்டர் அல்ல’ங்கற இங்கிலீஷ் வாக்கியத்தோட முதலெழுத்துகள்தான் அந்தப் பேரே. எங்க வீட்டுத் தறியை வெச்சே சொல்றேன். ஜக்கார்டு பெட்டியில ஓடுற அட்டையைப் பார்த்திருக்கீங்களா? ஓட்டை இருக்கற இடத்துல ஊசி உள்ள போகும், இழை தூக்கும். இல்லாத இடத்துல தூக்காது. அட்டைக்குத் தறி தேக்கா, வேம்பா, எந்த ஊருன்னு எதுவும் தெரியாது. எக்ஸி ஃபைலும் அப்படித்தான். உள்ள இருக்கறது ப்ராசஸருக்கான கட்டளைகள். லினக்ஸ் லேப்டாப்லயும் அதே இன்டெல் ப்ராசஸர்தானே? கணக்குப் போடுறதுல ஒரு பிரச்சினையும் இல்ல. பிரச்சினை எங்க வருதுன்னா, நடுநடுவுல அந்த ப்ரோக்ராம் விண்டோஸைக் கூப்பிட்டு “இந்த ஃபைலைத் திற”, “இங்க ஒரு விண்டோ போடு”, “இந்த முக்கோணத்தை வரை”ன்னு கேக்கும். லினக்ஸ்ல அதுக்குப் பதில் சொல்ல ஆள் இல்ல. வைன் அந்த இடத்துல போய் உட்கார்ந்துக்கிட்டு, விண்டோஸ் மாதிரியே “சரிங்க”ன்னு சொல்லி, வேலையை லினக்ஸ்கிட்ட வாங்கிக் கொடுக்குது. அவ்வளவுதான். ஆனா விண்டோஸ் பதில் சொல்ற விஷயங்கள் ஆயிரக்கணக்குல இருக்கு, நிறையது எங்கயும் எழுதி வெக்கல. 1993-ல பாப் ஆம்ஸ்டட், எரிக் யங்டேல்னு ரெண்டு பேர் தொடங்கின வேலை. 1994-லேருந்து அலெக்சாண்டர் ஜூலியார்ட் தலைமையில நடக்குது. 1.0 வெளியானது 2008 ஜூன்ல. பதினஞ்சு வருஷம்! நமக்கெல்லாம் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு ஒரு செமஸ்டர் போதாதுன்னு அழறோம்.

வைஸ் சிட்டி முதல் தடவை ஓடினப்போ சத்தம் மட்டும் வந்துச்சு. ஸ்கிரீன் கறுப்பு. அலைச்சத்தம் கேக்குது, கார் போறது கேக்குது, கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. மூணு ஞாயித்துக்கிழமை போச்சு. கடைசியில வைன் செட்டிங்ஸ்ல ‘விர்ச்சுவல் டெஸ்க்டாப்’னு ஒரு டிக் பாக்ஸ். அதைப் போட்டதும் வந்துடுச்சு. அண்ணன் பாவு பிணைஞ்சுட்டு இருந்தவர் எழுந்து ஓடி வந்தார். ஸ்பேனர் பிடிச்சு கம்பெனி ஷிஃப்ட் போறதுக்கு முன்னாடி அவர் முகத்துல அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்தது அன்னிக்குத்தான்.

இனி சொல்லப்போறது எனக்குச் சொல்லப் பிடிக்காத பகுதி.

2017 டிசம்பர், அரையாண்டு லீவு. பாஸ் ரொம்பப் பழைய வெர்ஷன், புது வைன் அதுல ஏறல. யூடியூப் பார்த்து லுபுன்டுவைப் பென் டிரைவ்ல எழுதினேன். இன்ஸ்டால் பண்ணும்போது ஒரு கேள்வி வரும். பக்கத்துல வேற சிஸ்டம் இருந்தா அதை விட்டுட்டுப் போடட்டுமா, இல்ல டிஸ்க்கை அழிச்சுட்டுப் போடட்டுமா? செத்த விண்டோஸை எதுக்கு வெச்சுக்கணும்னு ரெண்டாவதை அழுத்தினேன். சி டிரைவ் மட்டும் போகும்னு நினைச்சேன். ‘டிஸ்க்’னா மொத்த டிஸ்க். டி டிரைவும் போச்சு.

டி டிரைவ்ல வைஸ் சிட்டி மட்டும் இல்ல. ‘தாத்தா’ன்னு ஒரு ஃபோல்டர்.

எங்க தாத்தா டிசைன் போடறவர். பழைய பட்டு டிசைன்களை கிராப் பேப்பர்ல கட்டம் கட்டமா வரைவார். ஒவ்வொரு கட்டமும் ஒரு இழை தூக்கணுமா வேண்டாமாங்கறதுதான். அதைப் பார்த்துத்தான் அட்டை குத்துவாங்க. (நம்ம டிபார்ட்மென்ட்ல ‘பிக்சல்’னு முதல் வகுப்பு எடுத்தப்போ எனக்கு ஏற்கெனவே தெரியுமேன்னு தோணிச்சு.) அவர் போனபிறகு அந்தத் தாள்கள் ஒரு டிரங்குப் பெட்டியில இருந்துச்சு. 2013-ல அண்ணன் வேலை இல்லாத ஒரு ஆடி மாசத்துல உட்கார்ந்து ஒவ்வொண்ணையும் போன்ல படம் எடுத்து, பேர் வெச்சு, லேப்டாப்ல போட்டு வெச்சார். நல்லவேளை. ஏன்னா 2015 நவம்பர், டிசம்பர் மழையில எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு. குழித்தறிக்காரங்க வீட்டுல தண்ணி முதல்ல நிறையறது தறிக் குழியிலதான். பெட்டி அது பக்கத்துலயே இருந்துச்சு. தாள் எல்லாம் கூழ். அந்தப் போட்டோ மட்டும்தான் மிச்சம்.

அதைத்தான் நான் அழிச்சேன்.

அதைவிட மோசம் அடுத்து நான் பண்ணினது. பயத்துல பதினோரு நாள் யார்கிட்டயும் சொல்லல. சும்மாவும் இருக்கல. வைன் போட்டேன், ரெண்டு கேம் இறக்கினேன், அப்டேட் பண்ணினேன். டிஸ்க்கை அழிச்சா ஃபைல்கள் உடனே போயிடாது, இருக்கற இடத்தோட விலாசம் மட்டும்தான் போகும், மேல புதுசா எழுதினாத்தான் உண்மையில போகும்னு எனக்கு அப்போ தெரியாது. பதினோரு நாளும் தாத்தா மேல எழுதிக்கிட்டே இருந்தேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அண்ணனே எதையோ தேடி லேப்டாப்பைத் திறந்தார். நான் அழுதேன். அவர் திட்டல. கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துட்டு, “அப்பாகிட்ட இப்ப சொல்லாத”ன்னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்தான் ‘ஃபோட்டோரெக்’ சொன்னார். கிறிஸ்டோஃப் கிரெனியேங்கற பிரெஞ்சுக்காரர் எழுதின இலவச சாஃப்ட்வேர். ஃபைல் பட்டியலையே பார்க்காது. டிஸ்க்கை முதல்லேருந்து கடைசி வரைக்கும் படிச்சு, ‘இது ஒரு போட்டோவோட தொடக்கம் மாதிரி இருக்கே’ன்னு கண்டுபிடிச்சுப் பொறுக்கும். ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி அவர் சிஸ்டத்துல மாட்டி ராத்திரி முழுக்க ஓடவிட்டார். காலையில 61 படம் தேறிச்சு. அண்ணன் கணக்குப்படி முந்நூறுக்கு மேல இருந்திருக்கணும். அந்த 61-க்கும் பேர் கிடையாது. ஃபோட்டோரெக்குக்குப் பேர் தெரியாது, எண்தான் வெக்கும். ‘தாத்தா தாழம்பூ ரேக்கு’ன்னு அண்ணன் எழுதினது இப்போ எஃப் 0482736.

2018 ஆகஸ்ட் 21-ல வால்வ் கம்பெனி ப்ரோட்டான் வெளியிட்டுச்சு. லினக்ஸ் கேமர்களுக்கு அது தீபாவளி. வைனை எடுத்து, கோட்வீவர்ஸ் ஆட்களோட சேர்ந்து ஸ்டீமுக்குள்ளயே வெச்சுட்டாங்க. ஒரு பட்டன் அழுத்தினா விண்டோஸ் கேம் ஓடும். முதல் நாள் அதிகாரபூர்வ பட்டியல்ல இருந்தது 27 கேம்தான். அதுக்குள்ள இருக்கற டிஎக்ஸ்விகேங்கற பகுதி எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. ஃபிலிப் ரெபோலேன்னு ஒருத்தர், நியர் ஆட்டோமேட்டாங்கற கேமை லினக்ஸ்ல விளையாட ஆசைப்பட்டு, டைரக்ட் 3டி கட்டளைகளை வல்கன் கட்டளைகளா மாத்தற சாஃப்ட்வேரை அவரே எழுதத் தொடங்கினார். வால்வ் அவரை வேலைக்கு வெச்சுக்கிச்சு. ஒரு கேம் விளையாடணுங்கற ஆசையில பிறந்த விஷயம் அது. உங்க அப்பா திட்டும்போது சொல்லுங்க, ஒண்ணும் ஆகாது, ஆனா சொல்லுங்க.

எனக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. அரசு லேப்டாப்போட கிராபிக்ஸுக்கு வல்கன்னா என்னன்னே தெரியாது.

2019-ல அத்திவரதர் நாற்பத்தெட்டு நாள். ஊர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், டிவியில பார்த்திருப்பீங்க. தெருவை விட்டு வெளிய போக முடியல. வீட்டுலயே உட்கார்ந்து அண்ணனும் நானும் மாத்தி மாத்தி வைஸ் சிட்டி முழுசா முடிச்சோம். அதுதான் நாங்க பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து விளையாடின கடைசி கேம். கூட்டம் கலைஞ்ச அடுத்த மாசம் அண்ணன் ஒரகடத்துல ஒரு ஃபாக்டரிக்குப் போயிட்டார். நாடா தள்ள ஆள் இல்ல. பெரியப்பாவுக்கு முட்டி வலி வேற. தறியைப் பிரிச்சு வித்துட்டாங்க. குழியில மணல் கொட்டி சிமென்ட் பூசினாங்க. அந்த இடம் மட்டும் தரை நிறம் வேற. இப்போ என் மேஜை அங்கதான் இருக்கு. பெரியப்பா வீட்டுலதான் எனக்குப் படிக்க இடம்.

2022-ல காலேஜ் சேர்ந்ததும் ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு செகண்ட் ஹாண்ட் திங்க்பேட். முதல் வேலையா ஸ்டீம், ப்ரோட்டான், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன். அந்த வருஷம் ஏப்ரல்ல வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’வுல ‘திராவிடர்கள்’னு ஒரு நாகரிகம் சேர்த்திருந்தாங்க. உருமி வீசற வீரன் இருக்கான், ராஜேந்திர சோழன் பேர்ல கேம்பெய்ன் இருக்கு, முக்கியமா, ஆட்கள் தமிழ்ல பேசுவாங்க. நான் மரம் வெட்ட ஆளை க்ளிக் பண்ணினப்போ பின்னால கட்டில்ல படுத்திருந்த பெரியப்பா, “யாருடா அது, தமிழ்ல பேசறது?”ன்னு எழுந்து உட்கார்ந்தார்.

அண்ணனும் அவர் விண்டோஸ் லேப்டாப்ல அதே கேமை வாங்கினார். ராத்திரி ஷிஃப்ட் இல்லாத ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஆன்லைன்ல சேர்ந்து விளையாடறதுன்னு பேச்சு. முதல் மேட்ச் பன்னிரண்டாவது நிமிஷம் ‘அவுட் ஆஃப் சிங்க்’னு வெட்டிடுச்சு. ரெண்டாவது மேட்ச், அதே. இது ஏன்னு புரிஞ்சப்போ எனக்குப் புல்லரிச்சுது. இந்த மாதிரி கேம்ல முழு யுத்தமும் நெட்ல போறதில்ல. நீ என்ன க்ளிக் பண்ணினேங்கறது மட்டும்தான் போகும். மீதி யுத்தத்தை ரெண்டு கம்ப்யூட்டரும் தனித்தனியா கணக்குப் போட்டுக்கும், ரெண்டும் ஒரே விடை வந்தாகணும். மைக்ரோசாஃப்டோட கணக்கு லைப்ரரியும் வைன் எழுதின லைப்ரரியும் ஏதோ ஒரு தசமத்துல, ரொம்பத் தள்ளி, கொஞ்சூண்டு வித்தியாசப்பட்டுச்சு. என் ஸ்கிரீன்ல அம்பு படுது, அண்ணன் ஸ்கிரீன்ல படல. அவ்வளவுதான், ரெண்டு உலகம் பிரிஞ்சுடுச்சு. தீர்வு: மைக்ரோசாஃப்டோட யுசிஆர்டிபேஸ் டிஎல்எல் ஃபைலை எடுத்து கேமோட ஃபோல்டருக்குள்ள போடணும். ஒரே ஒரு ஃபைல். போட்டேன். மூணாவது மேட்ச் ஒரு மணி நேரம் ஓடிச்சு. தோத்தோம், அது வேற.

சரி, வாலரன்ட் ஏன் ஓடாது? அதோட வான்கார்டுங்கற ஆன்டி-சீட், விண்டோஸோட அடி மட்டத்துல, கெர்னல்ல போய் உட்கார்ந்துக்கிட்டு எல்லாத்தையும் பார்க்கும். வைன்ல விண்டோஸ் கெர்னலே கிடையாதே, எங்க போய் உட்காரும்? பேட்டில்ஐ, ஈஸி ஆன்டி-சீட் ரெண்டும் 2021-லயே ப்ரோட்டானுக்கு வழி கொடுத்துட்டாங்க, ஆனா அதைத் திறந்துவிட வேண்டியது கேம் கம்பெனி. சிலர் திறக்க மாட்டாங்க. சிலர் திறந்துட்டு மூடுவாங்க. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபர் கடைசியில லினக்ஸ்காரங்களை வெளிய தள்ளிடுச்சு. சீட்டர்கள் லினக்ஸ் வழியா வர்றாங்கன்னு காரணம். இருக்கலாம். ஆனா காசு கொடுத்து வாங்கின தோல்களோட வெளிய நின்னவங்க எல்லாரும் சீட்டர் இல்ல. இதுல எனக்குக் கோபம்தான், நியாயமா பேச வரல. ஆன்லைன் ஷூட்டர்தான் உங்க உயிர்னா லினக்ஸ் பக்கம் வராதீங்க, நேர்மையாச் சொல்றேன்.

போன அக்டோபர் 14-ஓட, அதாவது 2025-ல, விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சப்போ, 11 ஏறாத லேப்டாப்போட நம்ம கிளாஸ்லயே அஞ்சு பேர் என்கிட்ட வந்தாங்க. எல்லாருக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். “போட்டோ எல்லாம் வேற டிஸ்க்குல எடுத்துட்டியா”ன்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் மூணு தடவை கேட்டேன். ஒருத்தன் “ஏன் மச்சி பேய் அடிச்ச மாதிரி கேக்குற”ன்னான். இப்போ தெரியும்ல? உங்களுக்கும் போடணும்னா வாங்க. நம்ம காஞ்சிபுரத்துக்குன்னே காஞ்சிலக்னு ஒரு லினக்ஸ் பயனர் குழு இருக்கு, தமிழ்லயே பேசுவாங்க. அதையும் தேடிப் பாருங்க. எனக்குக் காலேஜ் வந்த பிறகுதான் தெரியும்.

பெரியப்பாகிட்ட ஏழு வருஷம் சொல்லாம இருந்ததைப் போன தீபாவளிக்கு அண்ணனே சொல்லிட்டார். நான் சமையலறையில ஒளிஞ்சுக்கிட்டேன். பெரியப்பா கேட்டது ஒண்ணுதான்: “மிச்சம் எத்தனை இருக்கு?”

அதுலேருந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம், அண்ணன் ஆன்லைன் வர்றதுக்கு முன்னாடி, பெரியப்பா என் மேஜை பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்றார். நான் ஒவ்வொரு படமாத் திறக்கறேன். அவர் பேர் சொல்றார், நான் எண்ணை அழிச்சுட்டு அந்தப் பேரை டைப் பண்றேன், தமிழ்லயே. இது ருத்ராட்சம். இது கோபுர பார்டர், முழுசா இல்ல, கீழ்ப்பாதிதான். ஒண்ணை யாளின்னு நானே டைப் பண்ண ஆரம்பிச்சேன். “யாளியா? அது அன்னம்டா. தலைகீழா வெச்சிருக்க, திருப்பு”ன்னார். திருப்பினேன். அன்னம்தான்.

இதுவரைக்கும் 38 ஆச்சு. முப்பத்தொன்பதாவது படத்துல பாதி சாம்பல் நிறம், மேல என்னவோ எழுதப்பட்டிருக்கு. அந்தப் பதினோரு நாள்ல ஏதோ ஒரு நாள். மீதிப் பாதியில கொஞ்சம் கட்டங்கள். பெரியப்பா கண்ணாடியைத் துடைச்சுட்டு ரொம்ப நேரம் பார்த்தார். விரலால ஸ்கிரீன்ல கட்டம் எண்ணினார். “இது எங்கப்பா போட்டது இல்ல”ன்னார். “அதுக்கும் முந்தினது. பேர் தெரியல. எண்ணே இருக்கட்டும். அடுத்ததைக் காட்டு.”